சிலுவையடிக்கு ஒரு ரோசா

எங்கள் தீவு மண்ணில் ரோசா வராது. வெள்ளை மணல். ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் கீழே போய்விடும். கிணறு உப்பு. பனை வரும், உடைமரம் வரும். ரோசா வராது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

என் மனிசி வைத்தா. வந்தது.

இந்தியாவில் அகதி முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த வருசம் அது. பாலத்துக்கு அங்கால், வயல் ஊரான முருங்கனுக்குப் போய் ஒரு உரப்பை நிறையக் களிமண் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தா. கொண்டக்டர் விடவில்லையாம்.

"அக்கா, மண்ணுக்கும் ரிக்கெட் எடுக்க வேணும்."

"எடுக்கிறன். இருக்கச் சீற்றும் தா. மண் இருந்து வரட்டும்."

பஸ் முழுக்கச் சிரித்ததாம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தா. முகாமுக்குப் பிறகு இவ சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முகாமில் எங்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. எட்டு மாதம் இருந்தது. காய்ச்சலில் போய்விட்டது. அங்கேயே கடற்கரைப் பக்கம் அடக்கம் செய்தோம். ஒரு மரச்சிலுவை நட்டோம். பிறகு வேறு பிள்ளை இல்லை. அந்தச் சிலுவை இப்போது இருக்காது.

கார்த்திகை இரண்டாந் திகதி, நவம்பர் இரண்டு, ஆத்துமாக்கள் திருநாள். எங்கள் சனம் எல்லாரும் சேமக்காலைக்குப் போவோம். கல்லறைக்கு வெள்ளை அடித்து, மணலைக் கூட்டி, மெழுகுதிரி கொளுத்தி, பூ வைப்போம். சுவாமி ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வருவார். கடலில் போய் உடல் வராதவர்களுக்கும், வேறு ஊரில் அடக்கம் செய்தவர்களுக்கும் கல்லறை இல்லை. அவர்களுக்கான பூவைச் சேமக்காலை நடுவில் நிற்கிற பெரிய சிலுவையின் அடியில் வைப்போம். எங்கள் பிள்ளைக்கும் அங்கேதான்.

கடையில் பூ வாங்கலாம். இவ வாங்கவிட மாட்டா.

"வாங்கின பூ ஆரின்ரையோ பிள்ளைக்கு வைச்ச மாதிரி. நான் வளர்த்ததைத்தான் வைப்பன். பிள்ளையைத்தான் வளர்க்கேலாமல் போச்சு."

அதற்குத்தான் ரோசா.

அதை அந்த நாளுக்குப் பூக்க வைக்கிறது லேசில்லை. சோளகக் காற்றில் இலை எல்லாம் கருகிப்போய் நிற்கும். புரட்டாதியில் மாதா பிறந்தநாள் பூசை முடிந்து வந்து, உடுப்பு மாற்றாமல் கத்தரிக்கோலை எடுப்பா. கொப்பெல்லாம் வெட்டுவா. பார்க்கப் பயமாக இருக்கும். மொட்டைக் குச்சிதான் மிஞ்சும். பிறகு சிவப்பாகத் துளிர் வரும். ஐப்பசி மழையில் மொட்டு வரும். கார்த்திகைக்குப் பூ. அதுக்குப் பிறகு மார்கழியில் நத்தார் வரைக்கும் ஓயாது.

இந்த வருசம் பங்குனியில் இவ போனா. வயிற்றில் கட்டி. கடைசிக் கிழமையில் கதைக்கிறது குறைந்துவிட்டது. ஒன்றுதான் கேட்டா.

"பிள்ளைக்குப் பூ இல்லாமல் விட்டிடாதேங்கோ."

"ஓம்" என்றேன்.

மாதா பிறந்தநாள் அன்று பூசையால் வந்து நானே வெட்டினேன். இவவின் அக்கா பக்கத்து வீடு. வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றா.

"என்ன மச்சான், கோழி உரிச்ச மாதிரி உரிச்சுப்போட்டீங்கள்?"

"அவ இப்பிடித்தான் வெட்டுறவ."

"அவ செடியை வெட்டுறவ. நீங்கள் விறகு வெட்டியிருக்கிறீங்கள்."

துளிர் வந்தது. மச்சாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டு போனா.

மீன் கழுவின தண்ணீரை இவ ரோசாவுக்கு ஊற்றுறதைக் கண்டிருக்கிறேன். அதில் நல்ல பசளை இருக்கு என்று சொல்லுவா. நான் இப்பவும் கடலுக்குப் போறவன். மீன் இறக்கின பிறகு வள்ளத்து ஐஸ் பெட்டியில் தண்ணீர் நிற்கும். இரத்தம் கலந்து சிவப்பாக இருக்கும். அதை ஏன் வீணாகக் கொட்ட வேணும் என்று பிளாஸ்டிக் கானில் எடுத்து வந்து ஊற்றினேன். ஒவ்வொரு நாளும் ஊற்றினேன். இலை ஓரம் கருகியது. பசளை போதாது என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். துளிர் கொட்டியது.

மச்சாள் வந்தா. கானுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தா. துப்பினா.

"உப்பு, மச்சான்! கடல் தண்ணியில அலசின மீனைப் போட்ட பெட்டி. அவ குசினியில பைப் தண்ணியில கழுவினதை எல்லோ ஊத்தினவ."

நானும் விரலை வைத்துப் பார்த்தேன். எனக்கு உப்பாகத் தெரியவில்லை. சின்ன வயதில் இருந்து அந்தத் தண்ணீரில்தான் நிற்கிறேன்.

"உங்களுக்கு எங்க தெரியப்போகுது" என்றா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, அழாதேங்கோ" என்றா. நான் அழவில்லை.

அடி மண்ணை அள்ளிக் கொட்டினேன். உரப்பையை எடுத்துக்கொண்டு முருங்கனுக்குப் போனேன். களிமண் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கொண்டக்டர் சின்னப் பெடியன். ஒன்றும் கேட்கவில்லை. நானாக மண்ணுக்கும் ஒரு ரிக்கெட் கேட்டேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

புது மண் போட்டு, பைப் தண்ணீர் ஊற்றினேன். கன நாளாக ஒன்றும் இல்லை. பிறகு அடியில் இருந்து ஒரு துளிர். அதில் ஒரு மொட்டு. ஒன்றே ஒன்று.

திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் மழை இருட்டியது. மொட்டு பாதி விரிந்து நின்றது. இவவின் குடையை எடுத்து, தடி நட்டு, செடிக்கு மேலே கட்டிவிட்டேன். காலையில் பூ இருந்தது.

மச்சாள் சேமக்காலைக்கு வெளிக்கிட்டு வந்து பார்த்தா.

"ஒண்டுதானே. உங்களுக்கு இப்ப ரெண்டு பேர் எல்லோ."

"ஓம்."

"அவளுக்குக் கடையில வாங்குவமே?"

நான் கத்தரிக்கோலை எடுத்து அந்த ஒன்றை வெட்டினேன்.

இவவின் கல்லறை இன்னும் கட்டவில்லை. மணல் மேடுதான். கூட்டினேன். மெழுகுதிரி கொளுத்தினேன். காற்றில் அணைந்தது. திரும்பவும் கொளுத்தினேன். பூ கையில் இருந்தது. அந்த மணலில் பூ இல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இவ கேட்டது பிள்ளைக்கு. சுவாமி கிட்ட வந்துவிட்டார். நான் நடுவுக்குப் போய்ச் சிலுவையடியில் வைத்தேன்.

திரும்பி வரும்போது இவவின் மணலில் கொஞ்சம் பூ கிடந்தது. மச்சாள் கடையில் வாங்கினது.

அதுக்குப் பிறகு மாரி நல்லாகப் பெய்தது. மிச்ச உப்பைக் கழுவிவிட்டது போல. செத்துப்போச்சு என்று நினைத்த குச்சி எல்லாம் துளிர்த்தது. கார்த்திகை முடியிற நேரம் செடி நிறையப் பூ. இவ இருந்த காலத்திலும் அவ்வளவு பூத்ததில்லை. பார்க்க எனக்குச் சந்தோசம் வரவில்லை.

ஒரு நாள் தொழிலுக்குப் போகவில்லை. எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு சேமக்காலைக்குப் போனேன். மழை தூறியது. ஒருவரும் இல்லை. மச்சாள் வைத்த பூ அழுகிக் கிடந்தது. அதை எடுத்துவிட்டு இவவின் மணலில் முழுவதையும் வைத்தேன்.

வைத்துவிட்டு வெளிக்கிட்டேன். வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனேன். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ச் சிலுவையடியில் வைத்தேன்.

இல்லாவிட்டால் இவ ஏசுவா.