மழையை நிறுத்திய இரண்டு இடைவெளிகள்

வெள்ளிமலையில் ஓர் அரசு அலுவலகத்தின் பின்பக்கம், உள்ளங்கை அகலத் திரை ஒன்றில் நின்ற சுழியத்தை இப்போதும் என்னால் கண்ணை மூடாமலே பார்க்க முடிகிறது. அதை அங்கே நிறுத்தியவன் நான்தான். எதையாவது மாற்றப் போய்க் கெடுத்திருந்தால் துணிச்சல்காரன் என்ற பெயராவது மிஞ்சியிருக்கும். நான் வரிகளை நேராக்கினேன், அவ்வளவுதான். நாற்பத்தாறு வயதில், மறுநாள் பதினொரு மணிக்கு அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று தெரிந்தும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கோப்பை அழகுபடுத்திவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் நிறுவனம். மழை அளக்கும் பெட்டி செய்தோம். பெட்டிக்குள் தொட்டில் போல ஒரு சிறு கிண்ணம். நீர் நிறைந்ததும் ‘டக்’ என்று சாய்ந்து கொட்டிவிட்டு நிமிரும். அந்த டக்குகளை எண்ணுவதற்கு, பெட்டியில் இருக்கும் குட்டிக் கணினியின் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் அடிமடியில், டிரைவர் என்றொரு நிரல் இருக்க வேண்டும். எந்த டிரைவரைச் சேர்ப்பது, எதை விடுவது என்று சொல்வதற்குத் தனியாக ஒரு கோப்பு. நான் பொறியாளன் இல்லை, கையேடு எழுதச் சேர்ந்தவன். நிறையப் படித்தவன் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். படித்ததில் எதுவும் அங்கே செலாவணி ஆகவில்லை. அந்தக் கோப்பைத் திறந்து பார்த்த நாளில்தான் எனக்கும் உலகில் ஒரு வேலை இருப்பது தெரிந்தது. சில வரிகள் டேப் விசையால் உள்தள்ளப்பட்டிருந்தன. சில எட்டு இடைவெளிகளால். ஒரு வரியில் ஏழு! எட்டாவதைத் தட்டுவதற்குள் யாரோ டீ குடிக்கக் கூப்பிட்டிருக்க வேண்டும். சிலருக்குச் சுவரில் சாய்ந்து தொங்கும் படத்தைப் பார்த்தால் கை பரபரக்குமே, எனக்கு உடம்பு முழுக்கப் பரபரத்தது.

பரபரப்பு இல்லாத ஒருவர் அங்கே இருந்தார். டெஸ்டிங் மேடம். வெள்ளிமலைக்காரர். வீட்டில் சாமையும் தினையும் விளைவிப்பவர்கள். இவர் கீழே வந்து பொறியியல் படித்து, சனிக்கிழமைதோறும் மலைப் பஸ்ஸில் ஊர் திரும்புவார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர் என்றாலும் அவர் பார்த்தால் நான் தானாகவே முதுகை நிமிர்த்திக்கொள்வேன். எதைத் தொட்டாலும் தொடுவதற்கு முன் வந்த முடிவையும் தொட்ட பின் வந்த முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். “மொதல்ல பழசு, அப்பறம் புதுசு. நடுவுல நாம வாய மூடிக்கினு இருக்கணும்” என்பார். நடுவில் நான்தான் பேசிக்கொண்டிருப்பேன்.

அந்தப் பெட்டி அவருக்கு வெறும் பெட்டி அல்ல. “கீழ வெயில் அடிக்கும் சார், மேல எங்களுக்குக் கொட்டிக்கினு கெடக்கும். எங்க ஊரு மழய எங்க ஊர்லயே எண்ணணும்” என்று எங்கள் முதலாளியை நச்சரித்து இந்த வேலையைத் தொடங்க வைத்தவரே அவர்தான். பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனம் அவருக்கு வேலை தருவதாக எழுதியிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். “வெள்ளிக்கெழம அதிகாரிங்க முன்னால பெட்டி ஓடுச்சின்னா ஆர்டர் வரும், நான் எங்கயும் போவல. ஓடலன்னா கம்பெனியே இருக்காது. கெளம்பிட வேண்டியதுதான்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, இடத்தைத் தயார் செய்ய வியாழன் மதியமே மலையேறினார். எனக்கு விட்டுச்சென்றது குழந்தைகூடச் செய்யும் வேலை. ஒரு கட்டளையைத் தட்டி, உருவாகும் கெர்னலை நகத்தளவு மெமரி அட்டையில் ஏற்றி, பெட்டியோடு காலையில் கொண்டு வர வேண்டும்.

தட்டும் முன் அந்தக் கோப்பைத் திறந்தேன். அடடா, அந்த ஒரு மணி நேரம்! இடைவெளிகள் டேப்பாக மாற மாற, கோணல்மாணலாக நின்ற வரிகளெல்லாம் தண்டால் எடுக்கப்போகிறவர்கள் போல அணிவகுத்தன. டிரைவரைப் பற்றிய விளக்கக் குறிப்பு மற்ற வரிகளைவிட இரண்டு இடைவெளி உள்ளே இருந்தது. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அதையும் பாசத்தோடு உள்ளே தள்ளி மற்றவற்றோடு சேர்த்தேன். பிறகு, மேடத்தின் விதியை மதிக்கிறேன் பேர்வழி என்று, இடைவெளிகளைப் பொருட்படுத்தாமல் பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிடச் சொன்னேன். வேறுபாடே இல்லை என்றது கணினி. இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

காலையில் ஜீப் மேலே போய்ச் சேரும்போது பத்து மணி. பெட்டியை மாட்டினோம். திரை ஒளிர்ந்தது. மேடம் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினார். டக், டக், டக். திரையில் சுழியம். இன்னொரு சொம்பு. சுழியம் அசையவில்லை.

“டிரைவரே உள்ள இல்ல சார். நேத்து இன்னா தொட்டீங்க?”

“ஒண்ணும் இல்ல மேடம். சும்மா இடைவெளிய மட்டும்...”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் கொண்டுவந்திருந்த லேப்டாப்பைத் திறந்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே போனார். “பழைய கோப்பையே திரும்ப எடுத்துடலாமே” என்றேன். “இன்னா போச்சுன்னு தெரியாம எடுத்தா நாளைக்கி மறுபடியும் போவும்” என்றவரின் விரல் நான் பாசத்தோடு உள்ளே தள்ளிய வரியில் நின்றது. ‘வேறு சொல்லாவிட்டால் இந்த டிரைவரைச் சேர்த்துக்கொள்’ என்ற கட்டளை அது. அந்தக் கோப்பில் விளக்கக் குறிப்பு எங்கே முடிகிறது என்பதை உள்தள்ளலை வைத்துத்தான் கணினி தெரிந்துகொள்ளும். வெளியே நிற்கும்வரை அது உத்தரவு. குறிப்போடு வரிசையில் சேர்ந்ததும் அதுவும் குறிப்பின் இன்னொரு வாக்கியம். வாழ்நாளெல்லாம் உரைநடை எழுதிய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், உரைநடைக்கு யாரும் கீழ்ப்படிவதில்லை.

மேடம் அழிக்கும் விசையை இரண்டு முறை தட்டி வரியை வெளியே இழுத்தார். மறுபடி கெர்னலை உருவாக்க இருபத்தைந்து நிமிடம் ஆகும். மணி பத்து முப்பது. திரையில் கோப்புப் பெயர்கள் சரசரவென்று ஓடத் தொடங்கின. அவற்றோடு என் இதயமும். ஜீப்காரரை வளைவில் காவலுக்கு நிறுத்தினோம். “பஸ்ஸுக்குப் பின்னால மாட்டிக்கினு மெதுவாத்தான் வராங்கோ!” என்று கத்தினார். அந்தப் பஸ்ஸை நான் வாழ்த்தினேன். சற்று நேரத்தில், “பஸ்ஸு ஒதுங்கிடுச்சி சார்! வண்டி வந்துக்கினே இருக்குது!” அந்தப் பஸ்ஸை நான் சபித்தேன். அதிகாரிகளும் முதலாளியும் இறங்கி நடந்து வரும்போது கெர்னல் இன்னும் அட்டையில் ஏறிக்கொண்டிருந்தது. மேடம் எழுந்து போய் அவர்களை வழியிலேயே மடக்கி, எந்த மாதம் எந்தப் பக்கம் மழை ஜாஸ்தி, எது கம்மி என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். ஒருபோதும் அவ்வளவு பேசாதவர்.

அட்டையைச் செருகினேன். மேடம் சொம்பைச் சாய்த்தார். டக். ஒன்று. டக். இரண்டு. மூன்று! நான் குதித்ததில் பக்கத்திலிருந்த முதலாளியின் காலை மிதித்துவிட்டேன். பெரிய அதிகாரி சொம்பை வாங்கித் தானே ஊற்ற, அடுத்தவர் வரிசையில் நிற்க, வெள்ளிமலையில் அன்று வெயிலில் நல்ல மழை பதிவானது. மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பட்டாவால் துடைத்துக்கொண்டார். திங்கட்கிழமை பெங்களூருக்கு வரவில்லை என்று எழுதிவிட்டார். பின்னாலேயே ஆர்டர் வந்தது. இன்று அந்த நிறுவனத்தை நடத்துகிறவர் அவர்தான்.

அன்று ஜீப்பில் மலையிறங்கும்போது, இனிமேல் எந்தக் கோப்பையும் தொடவே மாட்டேன் என்றேன். “தொடுங்க சார். தொட்டப்பறம் பழைய முடிவயும் புது முடிவயும் ஒப்பிட்டுப் பாருங்க” என்றார் மேடம். அவர் சொன்னபடியே, உலகம் முழுக்கப் பயன்படும், யாரும் திருத்தம் எழுதி அனுப்பக்கூடிய கெர்னலில் வேறொரு டிரைவரின் கோணலான கோப்பை நேராக்கி, முன்னும் பின்னும் முடிவு ஓர் எழுத்துகூட மாறவில்லை என்று நிரூபித்து அனுப்பினேன். அதைப் பராமரிப்பவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்! என் பெயர் கெர்னலின் வரலாற்றில்! அடுத்த பெட்டியை மாட்ட மலையேறும்போது, வளைவுக்கு வளைவு இந்தச் செய்தியைச் சொல்லிக்கொண்டே போனேன். ஜீப்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கேட்டார்:

“நீங்க தொடறதுக்கு முந்தி அது ஓடாம இருந்துச்சா சார்?”

“நல்லாத்தான் ஓடுச்சு.”

“இப்ப?”

“அதே மாதிரிதான் ஓடுது. துளிகூட மாறல. அதத்தான் நிரூபிச்சேன்.”

அடுத்த வளைவை ஹாரன் அடித்துக் கடந்தார்.

“அப்ப அன்னிக்கி நீங்க லீவு போட்டிருந்தாலும் இதேதான சார்?”