இடது காலுக்கு அரை அங்குலம்

நடனக் குழுவுக்கு உடுப்புத் தைத்துவந்த தையல்காரர், குழுவில் ஆடும் அவள் கேட்காமலே அவளுடைய ஆட்டக் காற்சட்டையின் இடது கணுக்கால் பட்டியை மட்டும் பிரித்து, அரை அங்குலம் தளர்த்தித் தைத்து வைத்திருந்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வீங்கிய காலுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால், இந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

கணுக்காலும் அதற்கு மேலே கணைக்கால் எலும்பும் இரண்டு மாதமாக வலித்தன. சிமெண்டுத் தரையில் குதித்துக் குதித்து வந்த வலி. வெளியே தெரிந்தால், இப்போதுதான் கிடைத்த முன்வரிசை இடம் போய்விடும். வீட்டில் அக்காவிடம்கூடச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

உருண்டை உடம்பு என்பதால் தையல்காரருக்கு நூல்கண்டு என்று பெயர். இருபத்தாறு வருடமாக ஒத்திகைக் கூடத்து ஜன்னலோரம்தான் அவர் மிஷின். ஊசியில் நூல் கோக்குமுன் கண்ணை மூடிக் கடவுளை ஒருதரம் கூப்பிடுவார். யாருக்கு முழங்கால், யாருக்கு இடுப்பு என்று துணி நைந்த இடத்தை வைத்தே சொல்லிவிடுவாராம். யாரிடம் சொல்வார்? அதுதான் அவளை அரித்தது.

அன்று முதல் அவர் மேலேயே கண்ணாக இருந்தாள். ஒருநாள் அவரும் நடன மாஸ்டரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வந்ததும் பேச்சு நின்றது. அவர் அவள் முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தார். அடுத்த அளவெடுப்புக்கு, இரண்டு காலும் ஒன்றுபோல இருக்கட்டுமென்று வலது காலில் மட்டும் மூன்று சாக்ஸ் மாட்டிக்கொண்டு போனாள்.

நூல்கண்டு டேப்பைச் சுற்றினார். "என்னம்மா, வலது காலுக்கும் வீக்கம் தொத்திக்கிச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே. உங்க வேலையைப் பாருங்க."

"இதுதாம்மா என் வேலை. டாக்டர்கிட்ட காட்டு."

"மாஸ்டர் காதுல போச்சு, அப்புறம் இருக்கு உங்களுக்கு!"

மறுநாள் மாஸ்டர் அவளை ஆடவிடாமல் நேரே எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். கணைக்கால் எலும்பில் மயிரிழை விரிசல். இப்படியே குதித்திருந்தால் முறிந்திருக்கும் என்றார் டாக்டர். இடம் வேறொருத்திக்குப் போனது. "உன் நடையைப் பார்த்து நானே கண்டுபிடிச்சேன்" என்று மாஸ்டர் சொன்னதை அவள் நம்பவில்லை.

கடவுள் கிருபையில் எலும்பு கூடியது. மறுவருடம் முன்வரிசையும் கிடைத்தது. சந்தேகம் மட்டும் போகவில்லை.

நூல்கண்டு வேலையை விட்டு மகள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, விறுவிறுவென்று கூடத்தைக் கடந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"போகும்போதாவது உண்மையைச் சொல்லுங்க. நீங்கதானே போட்டுக் கொடுத்தீங்க? உங்களை அண்ணன்னு கூப்பிட்டேனே, என் வாயைச் சொல்லணும்!"

அவர் மிஷினை உறை போட்டு மூடினார்.

"நான்தாம்மா. முன்னாடி ஒருத்தி முழங்கால் விஷயம் தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு அவளால நாலு படி ஏற முடியல. நீ வேகமா நடந்து வந்துல்ல திட்டுறே? எனக்கு அது போதும்."