ஆணி அடிக்காத மேசை

நான் ஐந்தாவது படித்த வருடம், காற்றும் மழையுமாக அடித்த ஒரு நாளில் எங்கள் வீட்டுப் பின்புறத்துப் பலாமரம் முறிந்து விழுந்தது. மலைமேல் இருக்கும் எங்கள் அரியூர் நாட்டில் பலாமரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் மெஷின் வாளால் அறுத்தபோது, இதன் உட்கட்டை அரைத்த மஞ்சள் நிறத்தில் பளபளத்தது. நடுவே பொந்து விழுந்திருந்ததால் தேறியது இரண்டே பலகை. அதை வைத்து என்ன செய்வது என்று வீட்டில் வழக்குத் தொடங்கியது.

கட்டிக்கொண்டிருந்த புது வீட்டுக்கு முன்கதவு என்றார் அப்பா. வருகிறவர்கள் உட்கார பெஞ்சு என்றார் மாமா. வீட்டில் எதற்கும் மறுபேச்சுப் பேசாத அம்மா அன்றைக்குப் பேசினார்.

"கதவுன்னா ஆளாளுக்கு அடிச்சுச் சாத்துவாங்க. பெஞ்சுன்னா ஏறி உக்காருவாங்க. ரெண்டும் வேண்டாங்க."

வாயெடுத்த அப்பா, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனார். ஒரு மரத்துக்கு இத்தனை செல்லமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தடி சாக்கில், எனக்கு எழுத ஒரு மேசை வேண்டும் என்று சொல்லிவைத்தேன். அம்மா என்னையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "செரி, மேசையே செய்யட்டும்," என்றார்.

ஆசாரி வந்த நாளிலிருந்து அம்மா அவர் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

"ஏனுங்க, ஆணி அடிக்காம செய்ய முடியுங்களா?"

"முடியுமுங்க. தொளை போட்டு ஆப்பு வெக்கோணும். நாலு நாள் சேத்தி ஆவுமுங்க."

"ஆவட்டுங்க."

இழைத்த சீவலைக்கூட அடுப்பில் போடவிடவில்லை. எல்லாவற்றையும் முறத்தில் அள்ளி, மரம் நின்ற இடத்தில் மிச்சமிருந்த அடிக்கட்டையைச் சுற்றிக் கொட்டினார். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மேசை கைக்கு வந்த வாரமே, காம்பஸ் முனையால் அதன் நட்டநடுவில் என் பெயரைக் கீறத் தொடங்கினேன். இரண்டாவது எழுத்தில் பின்னால் அம்மா வந்து நின்றார். அடி நிச்சயம் என்று முதுகைக் குறுக்கினேன். அம்மா அடிக்கவில்லை. கீறிய இடத்தை விரலால் மெல்லத் தடவினார்.

"எழுதிக்க கண்ணு. பக்கத்துல இன்னொரு பேருக்கு எடம் உடு."

தம்பியோ தங்கையோ வரப்போவதாகப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். யாரும் வரவில்லை. என்னை எல்லோரும் கேலி செய்ய, அம்மாமேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

என் மகள் பிறந்த பிறகுதான் அப்பா எனக்கு விஷயத்தைச் சொன்னார். எனக்கு முன்பு ஓர் அண்ணன் பிறந்து ஒன்பதாம் நாள் இறந்துபோயிருக்கிறான். எங்கள் குடும்பத்தில் பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை. பால் வடிகிற மரத்தடியில் புதைப்பார்கள். அவனை அந்தப் பலாமரத்தடியில் வைத்தார்களாம்.

பதினாறாம் நாள் பெயர் வைப்பதாக இருந்ததாம். மேசையில் என் பெயருக்குப் பக்கத்து இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. அவனுக்கென்று மனதுக்குள் ஏதாவது பெயர் வைத்திருந்தாயா என்று அம்மாவிடம் கேட்க எனக்கு இதுவரை வாய் வரவில்லை.