சென்றாயன் காயவைத்த படகு

சென்றாயனுக்கு வயது நாற்பதுதான். வலது தோளுக்கு மட்டும் எழுபது இருக்கும். மலைமேல் வாழவந்தி நாட்டில் ஒரு சாமைக்காடும் நாலு பலாமரமும் வைத்திருந்தான். இருந்து என்ன? மலைக்கு எந்தத் துரை வந்தாலும் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து நாற்காலியோடு தூக்கிவர ஆள் பட்டியலில் முதல் பெயர் அவனுடையது. விதைப்பு, அறுப்பு என்று சொன்னால் யார் கேட்டார்கள்?

ஒரு துரைக்கு மலை ஏரியில் பாய் விரித்துப் போக ஆசை வந்தது. நாகப்பட்டினத்தில் சின்னப் படகு ஒன்று செய்யச் சொன்னார். அதைக் கொண்டுவந்து ஏரியில் மிதக்கவிட்டால் பட்டியலிலிருந்து சென்றாயன் பெயரை அடித்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். அந்த ஒரு சொல்லுக்காக அவன் வானத்தையே தூக்கியிருப்பான்.

படகு மாட்டுவண்டியில் காரவள்ளி வந்தது. கூட வந்த ஆசாரி மலையை அண்ணாந்து பார்த்தார். "பத்திரமா வச்சுக்குங்க" என்றதோடு வந்த வண்டியிலேயே திரும்பிவிட்டார். எட்டுப் பேர் மூன்று நாள் சுமந்தார்கள். சென்றாயன் தோளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

துரை வர ஒரு மாதம் இருந்தது. மலையில் பலகையைப் பத்திரப்படுத்தத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. மழை படாமல், வண்டு துளைக்காமல் புகையில் போட வேண்டும். மாட்டுக்கொட்டகையில் பரண் கட்டிப் படகை ஏற்றினான். அவன் மனைவி குப்பாயி அடியில் தினமும் புகை மூட்டினாள். காட்டில் மூங்கில் வெட்டிப் பாய்மரமும் நிறுத்திப் பார்த்தான்.

துரை வந்தார், ஏரியில் இறக்கிய படகில் ஏறினார். பத்து முழம் போவதற்குள் பலகை இடுக்கெல்லாம் தண்ணீர் பீறிட்டது. அவ்வளவு நன்றாகக் காய்ந்து சுருங்கியிருந்தது மரம்! இடுப்பளவு தண்ணீரில் நின்று துரை கத்தியதில் பாதி சென்றாயனுக்குப் புரியவில்லை. புரிந்தவரை போதுமானதாக இருந்தது. மறுநாள் அவரைக் கீழே இறக்கியதும் அவன்தான். மாற்றலாகிப் போகிறார், இனி வரமாட்டார் என்று காரவள்ளியில்தான் தெரிந்தது.

பத்து நாள் படகு கரையோரம் மூழ்கிக் கிடந்தது. விறகுக்காவது ஆகட்டும் என்று கோடாலியோடு போனான். சட்டியால் தண்ணீரை இறைத்தான். இறைத்த பிறகு மறுபடி தண்ணீர் உள்ளே வரவில்லை. தண்ணீர் குடித்து மரம் உப்பி, இடுக்கெல்லாம் தானாக அடைபட்டிருந்தது. ஏறி உட்கார்ந்தான். படகு அசைந்துகொண்டு நின்றது. அவனுக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது.

கரையில் குப்பாயி நின்றாள்.

"ஏனுங்க, காரவள்ளிக்கு வரச்சொல்லி ஆளு வந்திருக்குதுங்க. புதுத் தொரையாம்."

"இங்க பாரு குப்பாயி, ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. மெதக்குது."

குப்பாயி பார்த்தாள். பிறகு, தோளுக்கு அணை கொடுக்க மடித்துக் கொண்டுவந்திருந்த பழந்துணியை நீட்டினாள்.