தலைவர் அடைத்த தண்ணீர்

முனாப் தலைவரானது தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குப் போயிருந்த நேரத்தில்தான்.

பெரிய வயல்காரரான மாமனார் மீராமுகைதீன் போடியார் மவுத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த கையோடு, அவர் தொடங்கிய குடும்ப நலன்புரி நிதியத்துக்குப் புதுத் தலைவரைத் தெரிவு செய்யக் கூடியிருந்தார்கள். போட்டியில் இருவர். ஒருவர் போடியாரின் மூத்த மகன் அஸ்ஹர். கொழும்பில் பொறியியலாளர். வயலைப் பார்ப்பதற்கு முன் வயலின் வரைபடத்தைப் பார்ப்பவர். மற்றவர் மூத்த மருமகன் ஸஜாத். பாடசாலை உப அதிபர். பத்துப் பேருக்குப் பழம் கொடுப்பதென்றாலும் முதல் நாளே பெனர் அடித்துவிடுவார். ஒருவர் வந்தால் மற்றவர் விலகுவார் என்பது சாய்ந்தமருது முழுக்கத் தெரிந்த செய்தி. வாக்குவாதம் முற்றியபோது, இளைய மகள் சுஹறா தன் புருஷனைக் கண்ணால் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னாள். முனாப் பதினொரு கோப்பைகளைத் தட்டில் ஏந்தித் திரும்பி வந்தபோது எல்லாரும் அவரையே பார்த்தார்கள். சீனி போட மறந்துவிட்டோமோ என்றுதான் முதலில் நினைத்தார்.

அவரைக் கண்டு யாருக்கும் பயமில்லை என்பதே அவருடைய ஒரே தகுதி. நமது நாட்டில் இது பெரிய தகுதிதான், வேறு பதவிகளுக்கு ஏன் பார்ப்பதில்லை என்பது தெரியவில்லை.

கல்முனைக் கடைத்தெருவில் முப்பது வருடமாகச் செருப்புக்கடை வைத்திருப்பவர் முனாப். ஒருவர் வாசலில் வந்து நின்றால் காலின் அளவைச் சொல்லிவிடுவார். நெல்லைப் பற்றிக் கேட்டால் சோற்றிலிருந்துதான் தொடங்குவார். தலைவராகி முதன்முதல் வயலுக்குப் போனபோது ஓரிடத்தில் பயிர் செழித்து நிற்பதாகக் கூலிக்காரர்களை மனதாரப் பாராட்டினார். அது களை. அந்தக் கதையை வைத்து அவர்கள் மூன்று போகம் சிரித்தார்கள்.

நிதியத்தின் சொத்து வரிப்பத்தான்சேனைப் பக்கம் இருக்கும் இருபத்திரண்டு ஏக்கர். அதில் விளைவது விற்பனைக்கல்ல. விதைநெல்லாக மூடை கட்டி, அந்த வாய்க்காலிலும் சுற்றுவட்டாரத்திலும் செய்கை பண்ணும் சின்ன விவசாயிகளுக்குக் கொடுப்பது வழக்கம். சோனகர், தமிழர் என்று பார்ப்பதில்லை. அந்த விதையை நம்பித்தான் நாற்பது குடும்பம் அடுத்த போகத்துக்கு உழும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நிதியத்தின் வயல் வாய்க்காலின் தலைப்பில் இருக்கிறது, தண்ணீர் முதலில் வந்து தொடுவது அதைத்தான். ஆனால் முறைத்தண்ணீர் விடும் காலத்தில் அது கடைசியாகத்தான் குடிக்க வேண்டும். இது போடியாரே எழுதிவைத்த விதி. அவர் வாலிப வயதில் ஒரு வறட்சிக் காலத்தில் தலைப்பு வயல்காரன் என்ற திமிரில் தண்ணீரை மறித்தார். வாய்க்காலின் கடைசியில் இருந்த வயல் கருகிப் போனது. பல வருடம் கழித்து ஹஜ்ஜுக்குப் புறப்படும்போது வீடு வீடாகப் போய்ப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். அந்தக் கடைசி வயலின் சொந்தக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பொறுத்திட்டன் போடியார், வயல் பொறுத்ததோ தெரியா" என்றாராம். மக்காவிலிருந்து திரும்பிய போடியார் முதல் வேலையாக அந்த இருபத்திரண்டு ஏக்கரையும் நிதியத்துக்கு எழுதி, கடைசித் தண்ணீர் விதியையும் சேர்த்து எழுதினார்.

கடந்த சிறுபோகத்தில் அந்த விதிக்குச் சோதனை வந்தது. கதிர் பால்பிடிக்கும் நேரம். குளத்தில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. வாய்க்காலில் ஏழு முறைகாரர், ஆளுக்கு இரண்டு நாள், மொத்தம் பதினான்கு நாள் என்பது ஏற்பாடு. பன்னிரண்டாம் நாளோடு குளத்தைப் பூட்டுவதாக அறிவித்துவிட்டார்கள். பூட்டுகிற இரண்டு நாளும் நிதியத்தின் நாட்கள்.

அஸ்ஹரும் ஸஜாத்தும் பத்து வருடத்தில் முதல் தடவையாக ஒரே கருத்துக்கு வந்தார்கள். முனாப்புக்கு அதைக் கண்டே பயம் பிடித்தது.

இந்த ஒரு முறை முதலில் எடுப்போம் என்றார் அஸ்ஹர். தலைப்பில் இருப்பவன் கடைசியில் குடிப்பது பொறியியலுக்கே விரோதமாம். ஸஜாத் மார்க்கப் பக்கமாக வந்தார்.

"சகலன், இது தர்மத்துர வயல். ஏழைகளுக்காக எடுக்கிற தண்ணி எப்பிடிக் களவாகும்?"

முனாப் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. முதலில் எடுத்தால் கடைசி வயல்கள் கருகும். கருகினால் அவர்கள் விதைநெல்லுக்கு நிதியத்திடம் வருவார்கள். வந்தால் கொடுக்கலாம். வயலைக் காயவைத்துவிட்டு அந்த வயல்காரனுக்கே தர்மம் செய்வது எவ்வளவு வசதியான ஏற்பாடு! கூட்டமும் சேரும், பெனரும் வீண்போகாது.

வீட்டுக்கு வந்து சுஹறாவிடம் கேட்டார். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வாப்பா செஞ்ச பிழைக்குத்தான் இந்த நிதியம். அதே பிழைய நிதியத்துர பேரில செய்யப் போறீங்களா?"

முனாப் மறுநாள் இருவருக்கும் தொலைபேசி எடுத்து, கடைசித் தண்ணீர் கடைசித் தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டார். அஸ்ஹர், விதை இல்லாமல் வரும் நாற்பது பேருக்கும் செருப்பா கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அதன்பிறகு கடையைப் பையனிடம் விட்டுவிட்டுத் தினமும் வயலுக்குப் போனார். போய் ஒன்றும் செய்வதற்கில்லை. வரம்பில் நின்று பார்ப்பார். நிலம் முதலில் நிறம் மாறியது, பிறகு வெடித்தது. கண்ணுக்கு முன்னால் வாய்க்காலில் தண்ணீர் தன் வயலைத் தாண்டி அடுத்தவன் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பொறுப்பு என்பது மேசைக்குப் பின்னால் உட்காருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

பதினோராம் நாள் பகல் லுஹர் தொழுதுவிட்டுப் போனவர் திடுக்கிட்டு நின்றார். வரம்பை வெட்டித் தண்ணீர் விடும் வக்கடை திறந்து கிடக்கிறது. வயலுக்குள் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கிறது.

கணக்குப்படி அது ஆறாவது ஆளான செல்லத்தம்பியின் முறை. வாய்க்காலின் கடைசி வயல்காரர், அன்று போடியாரிடம் வயல் பொறுத்ததோ தெரியாது என்றவரின் மகன். அவருடைய தண்ணீரையா எடுத்திருக்கிறார்கள்! முனாப்புக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அஸ்ஹர் ஆள்வைத்துத் திறந்துவிட்டான். சாரத்தை மடித்துக் கட்டி வாய்க்காலுக்குள் இறங்கி, கையால் சேறு அள்ளி வக்கடையை அடைத்தார். செருப்பு ஒன்று தண்ணீரோடு போனது. அதே சேற்றுக் கையால் தொலைபேசியை எடுத்து அஸ்ஹரைக் கூப்பிட்டு, கல்யாணம் முடித்த நாள் முதல் அடக்கிவைத்திருந்த அத்தனையையும் சேர்த்து ஏசினார். மறுமுனையில் அஸ்ஹருக்கு, ஏசுவது தன் மச்சான்தான் என்பதை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது.

ஏசி முடித்துவிட்டு வட்டவிதானையைத் தேடிப் புறப்பட்டார். தண்ணீர் முறையைப் பார்க்கும் குணம்தான் அந்த வயற்கண்டத்துக்கு வட்டவிதானை. பாதி வழியில் குணமே எதிரே வந்தார். அவருடைய மோட்டார்சைக்கிளின் பின்னால் செல்லத்தம்பி, தோளில் மண்வெட்டியோடு. தலைவரல்லவா, முனாப் தன் வயலுக்கு எதிராகத் தானே முறைப்பாடு வைத்தார். இந்த வயல் தண்ணீர் களவெடுத்தது, தண்டனை என்னவோ அதைப் போடுங்கள் என்றார்.

குணம் முப்பது வருட விதானை. அண்ணன் தம்பி தண்ணீருக்காக மண்வெட்டி ஓங்கியதைப் பார்த்தவர். இப்படியொரு முறைப்பாட்டை அவர் கேட்டதில்லை. திரும்பிச் செல்லத்தம்பியைப் பார்த்தார்.

"அடைச்சது ஆரு முதலாளி?" என்றார் செல்லத்தம்பி.

"நான்தான்."

"என்ட வயலுக்க திரும்பவும் தண்ணி வருது. பூட்டிப்போட்டு வந்த வாய்க்கால் எப்பிடித் திறந்த எண்டு கேக்கத்தான் இவரக் கூட்டிக்கு வந்தன்."

பிறகு குணம்தான் விளங்கப்படுத்தினார். குளம் பூட்டுகிற செய்தி வந்த அன்றே ஆறு பேரும் பேசி, ஆளுக்கு ஆறு மணித்தியாலம் முந்தியே தங்கள் முறையை முடித்துவிட்டார்கள். மிச்சம் ஒன்றரை நாள். அது நிதியத்துக்கு. தன் முறை முடிந்த கையோடு வாய்க்காலை மறித்து, நிதியத்தின் வக்கடையைத் திறந்துவிட்டவர் செல்லத்தம்பிதான். சொல்ல வேண்டாம் என்றும் முடிவெடுத்திருந்தார்கள். சொன்னால் உப அதிபர் பெனர் அடிப்பார் என்ற பயமாம்.

முனாப் நன்றி சொல்லத் தொடங்கினார். செல்லத்தம்பி கேட்க நிற்கவில்லை, மண்வெட்டியோடு முன்னால் நடந்து, நிதியத்தின் வயலடியில் வாய்க்காலுக்குள் இறங்கினார்.

"உங்களுக்கெண்டு விடல்ல முதலாளி. எங்கட விதைக்கு விட்ட. ஒரு மணித்தியாலத்த வீணாக்கிப்போட்டீங்க, வாங்க, மண்ணத் தள்ளுங்க."

இருவரும் சேர்ந்து வக்கடையைத் திறந்தார்கள். தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்கும்போது ஒரு சத்தம் வந்தது. முப்பது வருடம் கடைத்தெருவில் இருந்தவருக்கு அது புதுச் சத்தம். அல்ஹம்துலில்லாஹ் என்றார், ஒரு தடவை சொன்னது போதாதென்று மறுபடியும் சொன்னார்.

பதினைந்து ஏக்கர் தப்பியது. ஏழு ஏக்கர் பதராகிப் போனது. அஸ்ஹரிடம் மன்னிப்புக் கேட்க முனாப் கொழும்புக்கே போனார். அஸ்ஹர் கொஞ்சம் கோபித்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை வரைபடம் இல்லாமல் வயலுக்கு வந்து நின்றார். ஆறு விவசாயிகளுக்கும் பொன்னாடை போர்த்தும் விழாவொன்றை ஸஜாத் ஏற்பாடு செய்தார். அன்று வெட்டு மெசின் வருகிற நாள் என்று ஒருவரும் வரவில்லை. பொன்னாடைகள் இன்னும் அவர் அலுமாரியில் இருக்கின்றன.

பெரும்போகத்துக்கு விதை கொடுத்தபோது செல்லத்தம்பியும் மற்றவர்களைப் போல வரிசையில் நின்றார். தன் பங்கு மூடையை அவிழ்த்து, ஒரு நெல்லைப் பல்லால் கடித்துப் பார்த்தார். இன்னும் ஒரு நாள் காயவிட்டிருக்கலாம், போடியார் காலத்தில் இப்படி இருக்காது என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். முனாப் அவர் கையிலிருந்து ஒரு நெல்லை வாங்கித் தானும் கடித்துப் பார்த்தார். வித்தியாசம் ஒன்றும் விளங்கவில்லை.

"ஓம் அண்ணன். அடுத்தமுறை காயவிடுறன்" என்றார்.