பெரிய முதலாளி

முதலீட்டு நிறுவனம் ஒன்றில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி அவர். வேலையில் இருந்தபோது கிடைத்த சில பங்குகளின் பலத்தில், ஆண்டுதோறும் பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து ஒரே கேள்வியைக் கேட்பார்: துப்புரவுப் பெண்களுக்கு ஏன் சம்பளம் கூடவில்லை?

"நிதி இல்லை" என்பதே தலைவரின் பதில்.

இந்த ஆண்டு நிறுவனம் தன் பங்குகளைப் பங்குதாரர்களிடமிருந்து சந்தை விலைக்கு மேல் கொடுத்துத் தானே திருப்பி வாங்க முன்வந்தது.

"நல்ல விலை, குடுத்துடு. கூரை ஒழுகுது," என்றார் கணவர்.

"வாளி வைங்க. பங்கைக் குடுத்துட்டா அப்புறம் எந்த வாயால கேக்கறது?"

"மைக் பைத்தியம்டி உனக்கு!"

"ஆமா, முத்திப்போச்சு."

அவர் விற்கவில்லை. அதைத் துணிச்சல் என்பதா, பிடிவாதம் என்பதா, தெரியவில்லை. வாங்கிய பங்குகளை நிறுவனம் ரத்து செய்தது. மொத்தப் பங்குகள் குறைந்ததால், நிறுவனத்தில் விற்காதவர்களின் உரிமை விகிதம் தானாகவே சற்றுக் கூடியது.

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்ததுமே தலைவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார்.

"என்னம்மா, அதே கேள்விதானா?"

"அதேதான் சார். பங்கை வாங்க மட்டும் நிதி எங்கேருந்து வந்துச்சு? மெதுவா குடிச்சுட்டே சொல்லுங்க. போன வருஷத்தைவிட இப்ப நான் கொஞ்சம் பெரிய முதலாளி, காத்திருப்பேன்."

மைக்கை வாங்க வந்த ஊழியரிடம் அவர் அதைக் கொடுக்கவில்லை.