மரெக்கின் கடைசி ஆட்டத்துக்கு நான் காட்டிய பிழையான வழி

பிழையாய்ப் போன பயணங்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். ஐந்து வருடமாக லண்டனை பஸ்ஸிலும் ட்ராமிலும் ரயிலிலும் சுற்றி எழுதுகிறேன். வழி கேட்டு எழுதுகிறவர்களுக்கு நிமிடக் கணக்கோடு பதில் போடுகிறேன். அந்தத் தலைக்கனம் சென்ற ஏப்ரல் மாதக் கடைசிச் சனிக்கிழமை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதி என்ன பயன் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

தெற்கு லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் பதிக்க வந்தவர் மரெக். போலந்துக்காரர், முப்பத்தேழு வயது. முன்னர் தமிழ் ஆட்களோடு சேர்ந்து வேலை செய்த பழக்கத்தில் என்னை அக்கா என்பார். அந்த ஒரு சொல்லைத் தவிர அவர் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் நான் அதை எங்கள் தமிழில்தான் எழுதப்போகிறேன், என் மனதில் அவர் அப்படித்தான் பேசுகிறார்.

இரண்டாவது நாள் தேநீர் கொண்டுபோனபோது அவருடைய இடது முழங்காலில் நீளமான தழும்பைப் பார்த்துக் கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது, இந்த மனிதர் ஒரு தொழில்முறை உதைபந்தாட்டக்காரர் என்று. சொந்த ஊர்க் கழகத்தில் தொடங்கி, இருபத்தொரு வயதில் போலந்தின் முதல் பிரிவு. இருபத்துநான்கில் இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவு. அங்கே இரண்டாவது வருடம் ஓர் ஆட்டத்தில் முழங்கால் திருகிவிட்டது. உடனே வெளியே வந்திருந்தால் ஆறு வாரத்தில் சரியாகியிருக்குமாம். இவர் கடைசி விசில் வரை நின்று ஆடியிருக்கிறார். பிறகு இரண்டு அறுவைச் சிகிச்சை, மூன்றாம் பிரிவு, நான்காம் பிரிவு, ஸ்காட்லாந்தில் கொஞ்சக் காலம். இப்போது கிழக்கு லண்டனில் ஒரு சின்னக் கழகம். கிழமை நாட்களில் டைல்ஸ், சனிக்கிழமைகளில் பின்களம்.

"எத்தினை கோல் அடிச்சனீங்கள்?" என்று கேட்டேன். உதைபந்தாட்டத்தைப் பற்றி எனக்குக் கேட்கத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

"மூண்டு, அக்கா. அதிலை ஒண்டு பிழையா எங்கடை கோலுக்குள்ளையே."

"அப்ப ஏன் பின்னுக்கு நிண்டனீங்கள்? முன்னுக்குப் போயிருக்கலாமே?"

"முன்னுக்கு ஓடுறவனை இடையிலை வெளியிலை எடுப்பினம். பின்னுக்கு நிக்கிறவனை லேசிலை எடுக்க மாட்டினம்" என்று சொல்லிவிட்டு அடுத்த டைலை ஒட்டத் தொடங்கினார். சோம்பேறிக்கு ஏற்ற இடம் என்று பகிடியாகச் சொல்கிறார் என நினைத்துச் சிரித்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டம்தான் அவருடைய கடைசி ஆட்டம். முழங்கால் இனித் தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதைப் பார்க்கப் போலந்திலிருந்து அவருடைய தகப்பன் வந்துகொண்டிருந்தார். விமானம் என்றால் பயமாம், அதனால் ஒரு நாளுக்கு மேல் எடுக்கும் பஸ் பயணம். மகன் இங்கிலாந்தில் விளையாடி அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. மகன் நல்ல கழகத்தில் இருந்த காலத்தில் தாய் படுக்கையில், தகப்பன்தான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். தாய் போய்ச் சேர்ந்தபோது மகனின் முழங்காலும் போயிருந்தது.

காலை 8.15க்கு மரெக்கிடமிருந்து போன் வந்தது. பஸ்ஸை ஏற்றும் கப்பல் துறையில் நெரிசலாம். 11.30க்கு விக்டோரியாவுக்கு வரவேண்டிய பஸ் 1.15க்குத்தான் வரும். இவரோ ஒரு மணிக்கு அணியோடு நிற்க வேண்டும். "அக்கா, உங்களுக்கு லண்டனிலை எல்லா வழியும் தெரியுமே. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர ஏலுமோ? போஸ்ட்கோட் அனுப்பிறன்."

"போஸ்ட்கோட் ஒண்டும் வேண்டாம். கழகத்தின்ரை பேர் மட்டும் காணும். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன். இந்த வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் நின்ற என் கணவர், "அனுப்பச் சொல்லுமன், என்ன குறைஞ்சு போகும்?" என்றார். நான் கேட்டால்தானே. கழகத்தின் பெயரிலேயே இல்ஃபோர்ட் பக்கத்து இடத்தின் பெயர் இருந்தது. கைப்பேசி வரைபடத்திலும் அந்தப் பெயரில் ஒரு மைதானம் இருந்தது. வேறென்ன வேண்டும்?

11.40க்கு வீட்டிலிருந்து கிளம்பினேன். மிச்சத்திலிருந்து விம்பிள்டனுக்கு ட்ராம், பன்னிரண்டு நிமிடம், 1.75 பவுண். அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் விக்டோரியா. ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. இரண்டும் ஒரே கட்டடம் என்று நினைத்து வருகிறவர்கள் பலர், ஏமாறாதீர்கள். 12.50க்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். 1.20க்கு பஸ் வந்தது.

எழுபது வயது தாண்டிய, உயரமான, தொப்பி போட்ட ஒரு மனிதர் இறங்கினார். கையில் மகனுடைய பெயர் எழுதிய காகிதத்தைப் பிடித்திருந்தேன். அதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். எனக்குப் போலிஷ் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பையை வாங்கப் பார்த்தேன், தரவில்லை. மரியாதைக்கு நான் அவரை ஐயா என்றே கூப்பிட்டேன், அதற்கு அவர் திரும்பிப் பார்க்கவும் செய்தார்.

விக்டோரியா லைனில் ஒக்ஸ்ஃபோர்ட் சேர்க்கஸ், சென்ட்ரல் லைனில் ஒரு நிறுத்தம், பிறகு டொட்டனம் கோர்ட் ரோட்டில் எலிசபெத் லைன். வயதானவர்களோடு போகிறவர்கள் மாறுகிற இடங்களில் கூடுதலாகப் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் அவர் பையைத் திறந்து இறைச்சி வைத்த பாண் துண்டை நீட்டினார். சனிக்கிழமை நான் மச்சம் மாமிசம் சாப்பிடுவதில்லை என்பதைக் கையால் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு அப்பிளைத் தந்தார்.

பிறகு தன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். சிவப்பு ட்ராம், அதன் வாசலில் சீருடையோடு இளமையான அவர். ட்ராம் ஓட்டியிருக்கிறார். நானும் விடவில்லை, எங்கள் மிச்சம் ட்ராமின் படங்களைக் காட்டினேன், என்னிடம் இருப்பது அறுபதுக்குக் குறையாது. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிச் சக்கரத்தைப் பார்த்தார். என் வீட்டில்கூட என் ட்ராம் படங்களை யாரும் இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

2.32க்கு இல்ஃபோர்ட். முக்கால் மைல் நடை. ஆட்டம் மூன்று மணிக்கு. நேரம் கணக்கு, எல்லாம் கணக்கு. 2.50க்கு வரைபடம் சொன்ன இடத்தில் நின்றோம்.

அங்கே மைதானம் இல்லை. நான்கு மாடிக் குடியிருப்பு இருந்தது, பல்கனிகளில் உடுப்புக் காய்ந்தது. பின்பக்கமாக இருக்கும் என்று ஒரு சுற்றுச் சுற்றினேன். ஐயாவும் பையோடு என் பின்னால் வந்தார். இரண்டாவது சுற்றில் அவர் குடியிருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையை மற்றக் கைக்கு மாற்றினார். மரெக்குக்கு ஆறு தடவை போன் அடித்தேன். உடை மாற்றும் அறையில் இருக்கிற போனை யார் எடுப்பது?

3.10க்கு மூலைக் கடைக்குள் ஓடினேன். கல்லாவில் இருந்தவர் எங்கள் ஆள்தான், பெயர் கேதீஸ். விசயத்தைச் சொன்னேன்.

"அக்கா, அதை இடிச்சுக் கனகாலம்" என்றார். "பேர் மட்டும்தான் இப்ப இஞ்சை இருக்கு. அவை வேறை ஒரு கிளப்பின்ரை கிரவுண்டிலை வாடகைக்கு விளையாடுகினம். எசெக்ஸ் பக்கம், பதினொரு மைல் வரும்."

சின்னக் கழகங்கள் பலதுக்கு இதுதான் கதையாம். நிலம் போய்விடும், பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு வேறு ஒருவரின் மைதானத்தில் ஒண்டியிருக்கும். ஆடுகிறவர்களுக்கும் வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கும் அது பழகிப்போன விசயம், யாரும் சொல்வதில்லை. அதற்காகத்தான் மரெக் போஸ்ட்கோட் அனுப்புகிறேன் என்றது. நான்தான் வேண்டாம் என்றேன்.

அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில், முன்பின் தெரியாத கடையில், சோடாப் போத்தல்களுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். ஐயா தன் கைக்குட்டையை நீட்டினார். அதோடு என் அழுகை இன்னும் மோசமாகப் போயிற்று.

டாக்ஸிக்கு அரை மணித்தியாலம் என்று கைப்பேசி சொன்னது. கேதீஸ், "மனுசி வந்தா உடனை நானே கொண்டுபோய் விடுறன்" என்றார். அவருடைய மனைவி 3.35க்கு வந்தார். கடைச் சாமான் ஏற்றும் வான் வண்டியில், முன் இருக்கையில் மூன்று பேர், பின்னால் அரிசி மூட்டை. வழியில் வீதி வேலை, இரண்டு பாதை ஒன்றாகியிருந்தது.

நாலேகாலுக்கு இன்னும் நான்கு மைல் இருந்தது. கேதீஸ் கையை ஸ்டியரிங்கில் தட்டினார். "அக்கா, நாங்கள் போய்ச் சேர ஆட்டம் முடிஞ்சிடும். மனுசனும் ஒரு நாள் பஸ்ஸிலை இருந்து களைச்சுப் போச்சு. உங்கடை வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோவன், மகன் அங்கை வருவார். நான் ஸ்டேசனிலை விடுறன்."

சரியென்றுதான் பட்டது. ஐயாவின் பக்கம் திரும்பி என் கைக்கடிகாரத்தைத் தொட்டு, முடிந்துவிட்டது என்று கையை விரித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். முன்னால் வீதியைக் காட்டினார். பிறகு இரண்டு கைகளையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்தார். பெற்றோலுக்குப் பத்துப் பவுண் தருகிறேன் என்கிறாராக்கும் என்று நினைத்து, "காசு வேண்டாம் ஐயா" என்றேன். அவர் மறுபடியும் பத்து விரலையும் காட்டினார்.

"மனுசன் விடமாட்டுது" என்றார் கேதீஸ். வானைத் திருப்பவில்லை.

4.37க்கு மைதானம். நுழைவுக் கட்டணம் எட்டுப் பவுண், முதியவர்களுக்கு ஐந்து என்று எழுதியிருந்தது. வாங்க ஆளில்லை, கதவு திறந்து கிடந்தது. உள்ளே எண்ணினால் நூற்றைம்பது பேர் வராது. மரெக்கின் அணி இரண்டு கோலால் தோற்றுக்கொண்டிருந்தது. ஐயா பையைப் புல்லில் வைத்துவிட்டு நேரே கம்பி வேலிக்குப் போனார்.

ஐந்தாம் இலக்கச் சட்டையோடு மரெக் நின்றார். இடது முழங்கால் முழுக்கக் கட்டு. ஓடவில்லை, அந்தக் காலை இழுத்துக்கொண்டு நடந்தார். ஆனால் பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே பந்துக்கு முன்னால் போய் நின்றார். வேலியைப் பிடித்திருந்த ஐயாவின் இரண்டு விரல்கள் கொஞ்சம் இடப்பக்கம் அசைந்தன, அங்கே மரெக்கும் இடப்பக்கம் நகர்ந்தார். அவர் பந்தை உதைத்தது இரண்டே தடவை. ஒரு தடவை எங்கள் பக்கம் பார்த்தார். கை காட்டவில்லை. காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினார்.

விசில் ஊதியதும் எல்லோரும் அவருடைய முதுகில் தட்டினார்கள். அணியின் பயிற்சியாளர் எங்களைக் கண்டு வந்து, "இவரா தகப்பன்?" என்று என்னைக் கேட்டார். "அறுபதாவது நிமிடம் மாற்று வீரரை எழுப்பினேன், வரமாட்டேன் என்று கையைக் காட்டினான். எழுபதில் எழுப்பினேன், எண்பதில் எழுப்பினேன். இப்படி ஒருவனை நான் கண்டதில்லை."

மரெக் நொண்டி நொண்டி வந்தார். நான் முந்திக்கொண்டேன். "தம்பி, எல்லாம் என்ரை பிழை. நீங்கள் போஸ்ட்கோட் தாறன் எண்டு சொன்னனீங்கள். பத்து நிமிசம் மட்டும்தான் உங்கடை அப்பா பாத்தவர்."

தகப்பனும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஐயா எனக்கு மறுபடியும் பத்து விரலைக் காட்டினார்.

"அக்கா, அவர் எப்பவும் பாக்கிறது அவ்வளவுதான்" என்றார் மரெக். "எங்கடை ஊரிலை சனிக்கிழமை ஆட்டம் மூண்டு மணிக்கு. அப்பாவின்ரை ட்ராம் டிப்போவுக்கு வாறது நாலரைக்கு. சீருடையோடை ஓடி வருவார், கடைசிப் பத்து நிமிசம் மிஞ்சும். எனக்குப் பதினொரு வயசு. நான் அப்ப முன்னுக்கு விளையாடுறனான். முன்னுக்கு நிக்கிற பெடியளை இடையிலை எடுத்து மற்றவைக்கு இடம் குடுப்பினம். ரெண்டு சனிக்கிழமை அவர் ஓடி வந்து பாக்கேக்கை நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியிலை இருந்தன். மூண்டாவது கிழமை வாத்தியாரிட்டைப் போய், என்னைப் பின்னுக்கு விடுங்கோ எண்டு கேட்டன்."

குளியலறையில் நின்று சோம்பேறி என்று சிரித்தது ஞாபகம் வந்தது. பதினாறு வருடம் சம்பளத்துக்கு விளையாடியதும், வெளியே வராமல் நின்று முழங்காலைக் கெடுத்ததும் அந்த ஒரு பழக்கத்தால்தான்.

ஐயா என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். "முழு ஆட்டமும் பாத்திட்டாராம்" என்றார் மரெக்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. சின்னக் கழகங்களின் ஆட்டம் பார்க்க எட்டு, பத்துப் பவுண் போதும், ஆடுகிறவர்களின் மூச்சுச் சத்தம் வரை கேட்கும். கழகத்தின் பெயரை நம்பிப் போகாதீர்கள், வரைபடத்தையும் நம்பாதீர்கள், அந்த வருடம் எங்கே ஆடுகிறார்கள் என்று போன் போட்டுக் கேளுங்கள். யாராவது போஸ்ட்கோட் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், என் கணவரும் இதைத்தான் எழுதச் சொல்கிறார். அன்று ட்ராமுக்கும் ரயிலுக்கும் எனக்குப் பதின்மூன்று பவுணுக்கு மேல் போகவில்லை. கேதீஸ் பெற்றோலுக்குக்கூட ஒன்றும் வாங்கவில்லை, ஐயாவிடமிருந்து ஒரு அப்பிள் வாங்கிக்கொண்டார்.

நேரம் பிந்திவிட்டால் பாதியில் திரும்பிவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். நாலேகாலுக்கு நான் நினைத்தபடி திரும்பியிருந்தால் நானும் ஐயாவும் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டு இருந்திருப்போம். அங்கே மரெக் ஒற்றைக் காலில் நின்று, கடைசி விசில் வரை வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்.